உயிரோடு இருக்கும் பிள்ளைகள்

பெற்றது மூன்று, இறந்தது இரண்டு, உயிரோடு இருப்பது யாருமில்லை என்றாள் கங்கா.

திலகா அப்படியே தட்டினாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்களுக்குக் கொடுத்திருந்த டேப்லட் சிவப்புக் கட்டம் போட்டு மறுத்தது. மூன்றில் இரண்டு போனால் மீதி ஒன்று என்பது அதற்குக்கூடத் தெரிந்திருந்தது.

கேள்வி விளங்கவில்லையோ என்று திலகா நிறுத்தி நிதானமாக மறுபடியும் கேட்டாள்.

கங்காவும் நிறுத்தி நிதானமாக, யாருமில்லை என்றாள்.

மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. காலையிலிருந்து அந்தத் தொழிலாளர் லயத்தில் பதினோரு வீடு முடித்தாயிற்று. எங்கேயும் இப்படி முட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் யார் யார் என்ற பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். ஐயாவு, குடும்பத் தலைவர். கங்கா, மனைவி. யுவனேஸ்வரன், வயது இருபத்திரண்டு. அவன் என்ன உறவு என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டு அன்னம்மா மகன் என்று கங்கா சொல்லியிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை? சாப்பாடு இங்கே, படுக்கை இங்கே. கொடியில் காய்கிற சட்டை நாலும் அவனுடையவை. சுவர்ப் படத்தில் சிரிக்கிறானே, அந்த மூக்கு கங்காவின் மூக்கேதான்.

சரி, ஐயாவு எங்கே? அன்னம்மா மகனுக்குத் துணையாக மூன்று நாளாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், லோரி ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதையாக இருந்தது திலகாவுக்கு.

யோசிக்க யோசிக்க ஒன்றுதான் தோன்றியது. பெற்றவளே பிள்ளையைத் தலைமுழுகிவிட்டாள். என்ன சண்டையோ, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைக்கூடத் தன் பிள்ளை என்று சொல்ல மனசு வரவில்லை. திலகாவுக்குக் கோபம் வந்தது. கேள்வித்தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

"பொறப்புப் பத்திரத்துல அவனுக்கு அம்மா பேரு யாருதுக்கா?"

கங்காவின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் யாரோ நின்று ஒட்டுக்கேட்பதுபோல் அவள் கண் அங்கே போய்த் திரும்பியது. வாசலில் ஒரு கோழிதான் மேய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, கஞ்சித் தூக்கோடு அன்னம்மா வந்தாள். என் மகனுக்கு என்று அவளும் சொன்னாள். போச்சுடா, இவளுமா என்று நினைத்தாள் திலகா. அன்னம்மா டேப்லட்டின் சிவப்பைப் பார்த்தாள், கங்காவைப் பார்த்தாள், திலகாவைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

"ரெண்டு புள்ள தொட்டில்லயே போச்சு. இது அவ புள்ளன்னு தெரிஞ்சா எமன் இதையும் தூக்கிருவான்னு, பொறந்தவுடனே ஒரு படி தவுட்டுக்கு எங்கிட்ட வித்துப்புட்டா. நாளைக்கு அவனுக்கு இருதய ஆபரேசன் லா. இன்னிக்குப் போயி வாயத் தொறப்பாளா?"

தவிடு சுங்கை புரோங் நெல் ஆலையிலிருந்து வந்ததாம். வாங்கிய கையோடு அன்னம்மா பிள்ளையைக் கங்காவின் மடியிலேயே வளர்க்கக் கொடுத்துவிட்டாளாம். இத்தனை வருஷத்தில் கங்கா அவனை ஒருமுறைகூட மகனே என்று கூப்பிட்டதில்லையாம்.

திலகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே வந்தாள். டேப்லட்டைக் கங்காவின் பக்கம் திருப்பி வைத்தாள். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் என்ற இடத்துக்கு எதிரே எண்கள் வரிசையாக நின்றன.

கங்கா வாசலைப் பார்த்தாள். பிறகு அந்த லயத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குப் புள்ள யாருமில்ல."

சொல்லிக்கொண்டே விரலை ஒன்று என்ற எண்ணின்மேல் வைத்து அழுத்தினாள்.

சிவப்பு மறைந்தது. திலகா டேப்லட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அவளும் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"சரிக்கா. யாருமில்லன்னே போட்டுக்கிட்டேன்."