சட்டியின் பிள்ளைகள்

தோட்டத்தில் பறவைகளுக்கென்று வைத்த மண்சட்டிக்கு, வீட்டுக்கார அம்மா மேகலா தன்னைத் தேய்த்துக் கழுவுவது பிடிக்காது. மேகலா குடும்பத்தோடு ஊருக்குப் போனதும் நிம்மதியாக இருந்தது. அந்த வாரம் ஒரு கொசு வந்து அதன் தண்ணீரில் முட்டையிட்டது.

தண்ணீர் குடிக்க வந்த கொண்டைக்குருவி பதறியது. "அக்கா, உள்ளே புழு நெளியுது. நாங்க நாலு பேர் விளிம்புல உட்கார்றோம், சாஞ்சு கொட்டிடு."

"நீங்க குடிச்சிட்டுப் பறந்துடுவீங்க. இதுங்கதான் என் மடியிலேயே கிடக்குதுங்க. என் பிள்ளைங்க" என்றது சட்டி.

மேகலா திரும்பிய அன்று பிள்ளைகளுக்குச் சிறகு முளைத்தது. சொல்லிக்கொள்ளாமல் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போயின.

சில நாளில் மேகலாவின் மகளை டெங்கு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மகளைப் பறிகொடுத்துத் திரும்பிய மேகலா சட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

வெயிலில் தவித்து வந்த குருவி, "தண்ணி இல்லையா அக்கா?" என்றது.

"என் பிள்ளைங்க யாராவது என்னைப் பத்திக் கேட்டுச்சா?" என்றது சட்டி.