பலகைக்கு இந்தப் பக்கம்

"ஏனுங்க, பிரிட்ஜ் கிளாஸ் இந்த ரூம்தானுங்களா?"

முன் பெஞ்சில் இருந்த பெண் சட்டென எழுந்தாள். "ஆமாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

சசிதருக்குக் கூச்சமாகிவிட்டது. முதல் நாளே டீச்சரைக் காக்கவைத்துவிட்டான். மோட்டார் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு வருவதற்குள் நேரம் போய்விட்டது.

மாலைக் கல்லூரி. பி.சி.ஏ. பிளஸ் டூவில் கணக்கு மார்க் குறைவு என்று நிபந்தனையோடுதான் சீட் கொடுத்தார்கள். தினமும் இந்த அறையில் கணக்கு வகுப்பு. செமஸ்டர் முடிவில் தனியாக ஒரு பரீட்சை. தேறாவிட்டால் சீட் போய்விடும்.

சேரச் சொன்னவள் அவன் மனைவி மானசா. சேர்ந்ததைப் பார்க்க அவள் இல்லை.

"வேற யாரும் வரலீங்களா?"

"நாம ரெண்டு பேருதான் போலங்க. என் பேரு ஷைலா."

காட்டன் சேலை, தோளில் பெரிய பை. வயதில் சின்னவளாகத்தான் தெரிந்தாள். அதற்காக, எங்கே படித்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்க முடியுமா?

"எங்கிருந்துங்க ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

"நீங்க சொன்னாச் சரிங்க."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்படிங்க பிளஸ் ஆகுது?"

எடுத்ததுமே சோதிக்கிறாள். அவனுக்கு வேர்த்தது. "நாளைக்குச் சொல்லட்டுங்களா?"

"சரிங்க" என்று நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

கிணத்துக்கடவு பஸ்ஸில் ஜன்னலோரம் கண் செருகியது. பாலக்காட்டுக் காற்றில் தென்னந்தோப்புகள் பின்னால் நீந்திப் போயின. மானசா போன பிறகு எல்லாரும் அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள். யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. இன்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். பாதித் தூக்கத்தில் கேள்வி மிதந்து வந்தது. அதன் பின்னாலேயே பதிலும்.

மறுநாள் சொன்னான். "பொள்ளாச்சிப் பக்கம் பார்த்து நிக்கறீங்க. ஒரு மைனஸ்னா அப்படியே திரும்பணும். எதிர்ல கோயமுத்தூருங்க. இன்னொரு மைனஸ், இன்னொருக்கா திரும்பினா?"

"மறுக்காவும் பொள்ளாச்சி!" ஷைலா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டாள்.

எவ்வளவு நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டான்.

அவளுடைய முறையே தனி. பலகைப் பக்கம் போகவே மாட்டாள். சாக்பீஸை அவன் பக்கம் நகர்த்திவைப்பாள். அவன் விழித்தால் நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்பாள். ஒருநாள் துணிந்து, "வட்டிக் கணக்கை நீங்களே ஒருக்கா சொல்லுங்களேன்" என்றான். முகம் வெளுத்து, "நாளைக்குச் சொல்றேனுங்க" என்றாள். சொன்னபடி மறுநாள் தண்ணீர் மாதிரி சொன்னாள். முடித்துவிட்டு, "சரிதானுங்களா?" என்று வேறு கேட்டாள். அந்தப் பணிவு அவனை என்னவோ செய்தது.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும். சாக்பீஸ் தூள் அதில் பொன்னாக மிதக்கும். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் யாரோ தட்டி எழுப்பியது போலிருக்கும் அவனுக்கு.

பரீட்சைக்கு முதல் நாள், "பயமா இருக்குதுங்க" என்றான்.

"எனக்கும்தானுங்க" என்றாள் ஷைலா. கண் கலங்கியிருந்தது.

தனக்காக இப்படிப் பயப்பட ஓர் ஆள். பஸ்ஸில் ஏறியும் அந்த வார்த்தை கூடவே வந்தது.

பரீட்சைக்குக் கோர்ஸ் வாரியாக ஹால் பிரித்திருந்தார்கள். அவன் ஹாலில் அவளைக் காணவில்லை. வேறு ஹாலில் மேற்பார்வைக்குப் போட்டிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதினான். எழுதும்போது பொள்ளாச்சியும் கோயமுத்தூரும் மாறி மாறி எதிரே வந்தன.

ரிசல்ட் அன்று பிரின்சிபால் கிருபாவதி கூப்பிட்டனுப்பினார். ஷைலா முன்பே வந்து நின்றிருந்தாள். அவனைக் கண்டதும், பக்கத்தில் இடம்விட்டு ஒதுங்கிக் கைகட்டிக்கொண்டாள்.

"சசிதர், பாஸ். உக்காருங்க" என்றார் பிரின்சிபால்.

அவனால் உட்கார முடியவில்லை. மானசாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. திரும்பி ஷைலாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஷைலா, நீங்களும் பாஸ். உங்க பி.காம். சீட்டுக்கும் இனி பயமில்லீங்க."

சசிதருக்குப் புரியவில்லை.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணுங்க. உங்க கிளாஸுக்குப் போட்ட சார், வேலைல சேராமலே பெங்களூர் போயிட்டாரு. வேற ஆளைப் போட ஆபீஸ்ல மறந்தே போயிட்டாங்க. நேத்துத்தான் எனக்கே தெரியும். அப்படியிருந்தும் ரெண்டு பேரும் தேறியிருக்கீங்க. யாருங்க சொல்லிக்கொடுத்தது?"

சசிதர் திகைப்போடு ஷைலாவின் பக்கம் கையை நீட்டினான். அவள் கை அதற்கு முன்பே அவனைக் காட்டிக்கொண்டிருந்தது.