வாசல் விளக்கு

வீட்டில் யாராவது பயந்தால் வாசல் விளக்கு சிவக்கும். எல்லா வீடுகளிலும் அப்படித்தான். இந்த வாரமும் சிவந்தால், சட்டப்படி தணிகைவேல் வீட்டைவிட்டுத் தனியே போய்த் தங்க வேண்டும்.

முன்பெல்லாம் கேட் முன் பைக்கை நிறுத்தி, மனைவி ஓடி வந்து திறக்கும்வரை ஹாரன் அடிப்பார். ஆறு மாதமாக ஹாரனைத் தொடுவதே இல்லை. வீட்டில் குரலை உயர்த்தியதும் இல்லை. ஆனாலும் அந்த விளக்கு அவரை நம்ப மறுத்தது.

இன்று தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். விளக்கு பச்சையாக இருந்தது. உள்ளே மனைவியும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டை மெல்லத் திறந்தார். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

சிரிப்பு நின்றது. விளக்கு சிவந்தது.

மகள் யாழ்மொழி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"நாங்க பயப்படலப்பா. லைட்டுதான் கெட்டுப்போச்சு. அம்மாவத் திட்டாதீங்கப்பா."