பனிக்கு விரித்த துணி

அன்று சுபாஸ்கரனின் புடைவைக் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். சுபாஸ்கரன், பக்கத்தில் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் உதயகலா, அதற்கடுத்த போன் கடைச் சுரேஸ், வரிசையில் கடைசியாக இருக்கும் சவப்பெட்டிக் கடை மரியரட்ணம், கடைக் கண்ணாடிகளுக்குச் சோடனை செய்கிற நான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வீதியில் ஒட்டினாற்போல நாலு கடை. நாலுக்கும் முன்பக்கம் கண்ணாடி.

"கனடாச் சனம் வந்து இறங்கீட்டுது. டவுனிலை பெரிய கடையெல்லாம் மின்னுது. எங்கடை பக்கம் ஈ, இலையான்தான் வருது," என்றார் சுபாஸ்கரன். "கிறிஸ்மசுக்கு மலிவாய் என்ன செய்யலாம், சோமண்ணை?"

"மட்டைப்பெட்டியிலை மாட்டுக்கொட்டில். போன வருச மாலை பல்ப். கீழை பனிக்குப் பஞ்சு," என்றேன். அதற்கு மேல் எனக்குக் கதைக்க வராது.

"என்ரை கண்ணாடிக்கும் ஒண்டு செய்து தாங்கோ அண்ணை," என்றார் மரியரட்ணம்.

சுரேசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கென்னத்துக்கு மரியண்ணை? கிறிஸ்மஸ் கழிவு போடப் போறியளோ? ஒண்டு எடுத்தா ஒண்டு சும்மாவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மரியரட்ணமும் சிரித்தார்.

"மனிசி செத்து எட்டு மாசம்," என்றார் பிறகு. "அவள்தான் வருசா வருசம் பாலன் குடில் கட்டுறவள். இனி வீட்டிலை கட்டினாலும் பாக்க ஆளில்லை. கடையிலை கட்டினா, செத்தவீட்டு அலுவல் இல்லாமல் ஒராளெண்டாலும் என்ரை கண்ணாடிக்கு முன்னாலை நிக்குமெல்லே?"



"குறை நினைக்காதேங்கோ மரியண்ணை," என்றாள் உதயகலா. "என்னட்டைச் சனம் வாறது கலியாணச் சாமான் எடுக்க. உங்கடை பக்கம் இருட்டாய்க் கிடக்கிறபடியால் பாக்காமல் போகுதுகள். லைற் போட்டா முதல் பெட்டியெல்லோ கண்ணிலை படும்?"

"ஓம், அதுவும் சரிதான்," என்றார் சுபாஸ்கரன். "நாங்கள் மூண்டு பேரும் செய்வம்."

நாலு கடைக்காரரில் கிறிஸ்மஸ் கொண்டாடுகிற வேதக்காரர் மரியரட்ணம் ஒருவர்தான். அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் மரியரட்ணம் என் வீட்டுக்கு வந்தார். சைக்கிள் கரியரில் ஒரு மூட்டை.

"பெட்டிக்கு உள்விரிப்புத் தைக்கேக்கை மிஞ்சின துண்டுகள் அண்ணை. வெள்ளைச் சற்றின் துணி. சுருக்கி விரிச்சா பஞ்சிலும் பாக்க வடிவான பனி. எங்கையிருந்து வந்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கழட்டி எறிஞ்சுபோடுவினம்."

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு துண்டு.

"உங்கடை கடைக்கு..." என்று இழுத்தேன்.

"அவை வேண்டாமெண்டிட்டினம்தானே," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

மூன்று கண்ணாடிக்கு ஆறு நாள் எடுத்தது. புடைவைக் கடைக்குப் பதினாலு துண்டு, அலங்காரக் கடைக்குப் பதினாலு, போன் கடைக்குப் பதின்மூன்று. போகிற வாகனங்கள் வேகத்தைக் குறைத்தன. கனடாப் பிள்ளைகள் கண்ணாடியோடு நின்று படம் எடுத்தார்கள்.

"சோமண்ணை, இது என்ரை கடைதானோ? உள்ளுக்குப் போகவே வெக்கமாய்க் கிடக்கு," என்றான் சுரேஸ்.

இருபத்துநாலாம் திகதி பின்னேரம் உதயகலாவின் கண்ணாடிக்குள் எரியாத பல்பொன்றை மாற்றினேன். அவளும் பக்கத்தில் நின்றாள். மனது கேட்கவில்லை.

"தங்கச்சி, ஒரு விசயம். கோவிக்கக் கூடாது. உந்தப் பனித் துணி இருக்கெல்லே..."

"மரியண்ணையின்ரை. தெரியும்," என்றாள், மாட்டுக்கொட்டிலை நேராக்கிக்கொண்டே. "என்ரை மாமியின்ரை சவப்பெட்டிக்குள்ளை உதுதானே விரிச்சது. சுபாஸ்கரண்ணையின்ரை தேப்பனுக்கும் உதுதான். சுரேஸ் முதல் நாளே கண்டிட்டான். இந்த வீதியிலை உந்தத் துணியைத் தெரியாத ஆர் இருக்கினம்?"

எனக்குக் கோபம் வருவது குறைவு. அன்று வந்தது.

"தெரிஞ்சுகொண்டும் அதை வைச்சிருக்கிறியள். அந்த மனிசனுக்கு மட்டும் வேண்டாமோ?"

உதயகலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நாங்கள் வேண்டாமெண்டது வியாபாரத்துக்குப் பயந்து. அண்டைக்கு நீங்கள் வாய் திறக்காமல் இருந்தது என்னத்துக்குப் பயந்து, அண்ணை?"

சாமான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பொழுதுபட்டுவிட்டது.

மரியரட்ணம் தன் கடையைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"மூண்டும் நல்ல வடிவு அண்ணை. வீதிக்கு அங்காலை நிண்டு ஒவ்வொண்டாய்ப் பாத்தனான்," என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கண்ணாடி நாலு. வெளிச்சம் மூன்றில். மிச்சம் ஒன்று.