செம்பனைக்குள் ஒரு கப்பல்

1996இல், கோலாலம்பூரில் செயற்கைக்கோள் படங்களை ஆராயும் ஓர் அலுவலகத்தில் ரேடார் படம் என்றால் சிவமலர்தான். கடலில் எது கப்பல், எது அலை என்று அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒருநாள் வந்த செயற்கைக்கோள் படத்தில், கடலோரக் கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு கப்பல் வெள்ளைப் புள்ளியாக நின்றது. உடன் வேலை செய்த நாகையா பதறிப்போனார். அவர் வீடு அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளில் ஒன்று.

“ஒண்ணுமில்ல லா, நாகையா. ஓடுற கப்பலை ரேடார் கொஞ்சம் தள்ளிதான் காட்டும். அது தண்ணியில கிழிச்ச தடம் மட்டும் இடம் மாறாது. தடம் எங்க இருக்கோ, அங்கதான் கப்பல்.”

தடம் கடலில்தான் இருந்தது. நாகையா சிரித்துவிட்டார்.

அடுத்த மாதப் படம் வந்த அன்று அவருக்கு லீவு. இம்முறை கப்பல் ஒழுங்காகக் கடலில் இருந்தது. சிவமலர் தடத்தைத் தேடினாள். அது செம்பனை வரிசைகளை நேராகக் கிழித்துக்கொண்டு, தொழிலாளர் வீடுகளுக்குச் சற்று முன்னால் நின்றது.

உடனே போன் போட்டாள். நாகையாவின் மனைவி இராஜம்மா எடுத்தாள்.

“அவரு வெளியில நிக்கிறாரு, மிஸ். காத்தே இல்ல, மரமெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்குது, வந்து பாருன்னு என்னையும் கூப்பிடுறாரு.”