குன்னத்தில் நிற்கும் கார்

“எவன் கை வெச்சான்னு இப்பத் தெரிஞ்சாகணும்!” வைரக்கண்ணு தன் காரின் பானெட்டில் ஓங்கி அறைந்தார். குன்னம் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

மெக்கானிக் கருப்பண்ணன் ஸ்பேனரை எடுத்தான். 1958 மாடல் சீமைக் கார் அது. கூரை கிடையாது, ரெண்டே பேர் உட்காரலாம். இருபது வயசாகியும் ரோட்டில் சீறிக்கொண்டு போகிற வண்டி, நாலாவது வெள்ளிக்கிழமையாக ஒரே இடத்தில் வந்து படுத்துவிடுகிறது. அதுவும் எங்கே? வைரக்கண்ணுவின் மாமனார் வீட்டு வாசலில்!

அந்த வீட்டுக் கல்யாணத்தில் வைரக்கண்ணுவின் அண்ணன் நல்லுசாமியை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்காகக் கல்லங்குறிச்சி கோயிலில், அண்ணன் கண்ணெதிரே, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார் வைரக்கண்ணு. “இனிமே அந்த வாசல்ல என் கால் பிரேக்கை மிதிச்சா நான் மனுஷனே இல்ல.” அன்றோடு அவர் மனைவி ஜெகதாம்பாளுக்கும் பிறந்த வீடு இல்லையென்று ஆயிற்று.

இப்போது சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வேண்டிக்கொண்டபடி வெள்ளிக்கிழமைதோறும் போகிறார்கள். வழியில் கார் நிற்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாங்க ஜெகதாம்பாள் உள்ளே போவாள். வாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவுக்கு ரெண்டு வாய் கஞ்சி ஊட்டிவிட்டு, குடத்தோடு திரும்புவாள். அதுவரை வைரக்கண்ணு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் நிற்பார். அப்புறம் கார் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

இன்று நல்லுசாமி விடவில்லை. அரியலூரிலிருந்து கருப்பண்ணனை ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

“ஊரே சிரிக்குதுய்யா. இது யாரு வேலைன்னு சொல்லு. நம்ம வூட்டு ஆளா இருந்தா, இனிமே வாசப்படி தாண்ட விடமாட்டேன்.” சொல்லும்போது அவர் பார்வை ஜெகதாம்பாள் மேல் இருந்தது. வீட்டுக்குள் போகாமல் காரிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள் அவள். உள்ளேயிருந்து கிழவர் இருமுகிற சத்தம் கேட்டது.

கருப்பண்ணன் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றினான். டாக்டருக்கு நாக்கு எப்படியோ, மெக்கானிக்குக்குப் பிளக் அப்படி. புதன்கிழமை புதுசு மாட்டி, திருமானூர் வரை அவனே ஓட்டிப் பார்த்தபோது அவை நல்ல பிஸ்கட் நிறத்தில் இருந்தன. இப்போது நாலும் கரியப்பி, பெட்ரோலில் நனைந்திருந்தன.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. இது சோக் வேலை. காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுக்கிற குமிழ் அது. ஓடுகிற வண்டியில் முழுசாக இழுத்தால் பெட்ரோல் தாறுமாறாகப் பாய்ந்து இஞ்சின் அடைத்துக்கொள்ளும். அரை மணி ஆறப்போட்டால் தானே சரியாகிவிடும்.

அந்தக் குமிழ் ரெண்டு சீட்டுக்கும் நடுவே, டாஷ்போர்டில் இருந்தது. ஜெகதாம்பாளின் வளையல் கை அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

பிளக்கைத் துடைக்கத் துணி தேடி டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டான். துணியோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் உருண்டு வந்தது. நல்லுசாமி பார்ப்பதற்குள் அதைத் திரும்ப உள்ளே தள்ளினான். பாவம், அப்பாவுக்காக எங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறது இந்தப் பெண்!

“என்னம்மா, எப்படி நின்னுச்சு வண்டி?” என்று மெல்லக் கேட்டான்.

“சிறுவாச்சூர் ஆத்தாதான் நிறுத்துறா” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

“என்னய்யா அங்க குசுகுசுன்னு?” நல்லுசாமி கிட்டே வந்துவிட்டார். வைரக்கண்ணுவும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். ஒரு வார்த்தை உளறினால் போதும், இந்தப் பெண் அப்பனை இனி உயிரோடு பார்க்க முடியாது. கருப்பண்ணன் பிளக்குகளைத் துணிக்குள் பொத்திக்கொண்டான்.

“கார்புரேட்டர் தேஞ்சு போச்சுங்க” என்றான் சத்தமாக. “சீமையிலேருந்து பார்ட்டு வரணும். எப்படியும் ஆறு மாசம் ஆவும்.”

“அதுவரைக்கும்?”

“இந்தத் தூரம் ஓடினா சூடேறி நிக்கத்தாங்க செய்யும். யாரு மேலயும் குத்தம் இல்லீங்க.”

நல்லுசாமி அவனையே உற்றுப் பார்த்தார். இருபது வருஷமாக அவருடைய ஜீப்புக்கும் டிராக்டருக்கும் கைவைத்தவன் கருப்பண்ணன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“சாமிக்கு வேண்டிக்கிட்டதைப் பாதியில விடவும் முடியாது. நிக்கிற சனியன் நின்னு தொலையட்டும். நீ பஸ்ல வந்துடு.” ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

கருப்பண்ணன் பிளக்குகளைத் துடைத்து மாட்டினான். பானெட்டை மூடுகிற சாக்கில் ஜெகதாம்பாள் பக்கம் குனிந்தான்.

“அம்மா, அதை முழுசா இழுக்காதீங்க. பிளக்கு வீணாப் போவுது. முக்கால்வாசி இழுத்தாலே நின்னுடும்.”

அவள் திருதிருவென்று விழித்தாள். “எதை இழுக்கிறது?”

கருப்பண்ணன் தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினான். ஜீப் போன திசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, வைரக்கண்ணு ரகசியக் குரலில் சொன்னார்:

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. எவ்வளவு இழுக்கணும்னு என்கிட்ட சொல்லு.”