நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

‘பாட்டின் நடுவே இரண்டு அடிகள் இல்லை. பாடியவருக்கு மறதி.’

மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப் பாடல்களின் ஆய்வுப் பதிப்பில் டாக்டர் சூசைநாதன் எழுதிய நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு இது.

‘மறதி அன்று, பிற்காலச் சிதைவு’ என்று அதன் கீழேயே டாக்டர் ஜெயபாலன் மறுத்திருந்தார். பதிப்பாசிரியர்களில் மூன்றாமவர் இருவரோடும் உடன்பட்டிருந்தார். பாட்டு எட்டு அடி. குறிப்பு இரண்டு பக்கம்.

இரண்டாம் பதிப்புக்காக சூசைநாதனும் ஜெயபாலனும் ஈப்போ நகரிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்கு, பாடிய வீரம்மாவின் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“கடைசி வாய்ப்பும்மா,” என்றார் ஜெயபாலன். “அந்த ரெண்டு அடி கிடைக்கலைன்னா, உங்க பாட்டை ‘ஐயத்துக்குரியவை’ன்னு பின்னால தள்ள வேண்டியதுதான்.”

முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த வீரம்மா சிரித்தார்.

“ஞாபகம் வரல தம்பி. கோப்பி ஆறுது, குடிங்க.”

மகள் ஷர்மினிக்குப் பொறுக்கவில்லை. “அம்மாவுக்கு மறதியெல்லாம் இல்லலா சார்! அந்த ரெண்டு வரிய நானே...”

“நீ போயி பிஸ்கட் எடுத்துட்டு வா,” என்றார் வீரம்மா.

‘மறதி முற்றியது’ என்று குறித்துக்கொண்டார் சூசைநாதன். ‘சிதைவு முற்றியது’ என்று அதைத் திருத்தினார் ஜெயபாலன். பிஸ்கட் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு எழவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு விடைபெற்றார்கள்.

கார் தெருமுனையைத் தாண்டியதும் ஷர்மினி வெடித்தாள்.

“நேத்து துணி மடிக்கிறப்பகூட முழுசாப் பாடுனியேம்மா! புத்தகத்துல போட்டதுலேருந்து ஊரே உன்னை ஞாபகம் கெட்டவங்குது. ‘அம்மாவுக்கு வீடு அடையாளம் தெரியுதா?’ன்னு கோயில்ல மாரியம்மாக்கா கேக்குறாங்க. இப்ப பாட்டும் போச்சு!”

“போவட்டும்.”

“என்ன போவட்டும்? எனக்கே மனப்பாடம்!” கோபத்தோடு பாடியே காட்டினாள்.

“ஆறு வீட்டுக் கூரை பிச்சு அடிச்சு வெரட்டினியே, சன்னாசிக் கங்காணி!
சோறு வச்ச சட்டியெல்லாம் ரோட்டுல உருட்டினியே!”

“நல்லாத்தான் பாடுற,” என்றார் வீரம்மா, கோப்பிக் கோப்பைகளை அடுக்கியபடி. “பாட்டுப் பிடிக்க வந்த அன்னிக்கே ஜெயபாலன் தம்பி தன் தாத்தா யாருன்னு பெருமையாச் சொல்லிருச்சு. வீடு தேடி வந்த புள்ள மூஞ்சிக்கு நேரா எப்படிடி பாடுறது? அந்தப் புத்தகத்துல மொதப் பக்கத்தைப் பாரு.”

ஷர்மினி புரட்டினாள்.

‘தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைக் கூரையாய் நின்று காத்த என் பாட்டனார், கங்காணி சன்னாசி அவர்களுக்கு இந்நூல் காணிக்கை. – ஜெயபாலன்.’

அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்குறிப்பே இல்லை.